பெரியவர்கள் வண்டி ஓட்டலாமா? பரிசோதனை வீட்டிலிருந்து தொடங்கட்டும்

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பது நம் வீடுகளில் ஓர் ஆபீஸ் வேலையாகவே முடிந்துவிடுகிறது. போட்டோ, ஆதார் நகல், கட்டணம், டிரைவிங் ஸ்கூல்காரருக்கு ஒரு போன். சில நாட்களில் கார்டு வந்துவிடும். வாப்பாவின் கண் எப்படி இருக்கிறது, கை கால் சொன்னபடி கேட்கிறதா, உம்மா ஸ்கூட்டியில் போகும்போது தடுமாறுகிறாரா என்று அந்தச் சமயத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் உரிமத்துக்குக் காலவரம்பு வைத்து, வயது ஏற ஏற அந்த வரம்பைச் சட்டம் குறுக்கியதே இந்தக் கேள்விகளுக்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி, சொந்த வாகனம் ஓட்டுவதற்கான உரிமத்தை 30 வயதுக்கு முன் பெற்றவருக்கு அது 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் பெற்றாலோ புதுப்பித்தாலோ 10 ஆண்டுகள். 50 முதல் 55க்குள் என்றால் 60 வயது வரை. 55ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகள் மட்டுமே. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் மீண்டும் ஓட்டிக்காட்டித் தேர்வு பெற வேண்டும்.

புதுப்பிக்கும்போது இரண்டு படிவங்கள் முக்கியமானவை. படிவம் 1 என்பது நாமே நம்மைப் பற்றிக் கொடுக்கும் உறுதிமொழி. வலிப்பு உண்டா, திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ வருமா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா, கை கால்களில் குறை உண்டா என்றெல்லாம் அது கேட்கிறது. படிவம் 1ஏ என்பது 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவர் கொடுக்கும் சான்றிதழ். விண்ணப்பதாரரை நேரில் பரிசோதித்தேன். தூரப் பார்வையையும் செவித்திறனையும் கை கால் மூட்டுகளையும் கவனித்துப் பார்த்தேன் என்று மருத்துவர் அதில் கையெழுத்திடுகிறார்.

இவை தவிர, நாம் அதிகம் அறியாத இரண்டு பிரிவுகளும் இந்தச் சட்டத்தில் உள்ளன. நோயாலோ உடற்குறையாலோ ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரி எந்த நேரத்திலும் மருத்துவச் சான்று கேட்கலாம். உரிமத்தை ரத்தும் செய்யலாம். இது 16ஆவது பிரிவு. தன் நோய் மற்றவர்களுக்கு ஆபத்தாக முடியும் என்று தெரிந்தே வண்டி ஓட்டினால், 186ஆவது பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய் வரையும், அடுத்த முறை 2,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். தொகை சிறியது. ஆனால் தெரிந்தே ஓட்டுவது குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பார்க்காமல் போட்ட கையெழுத்து

பல இடங்களில் இந்தப் படிவம் 1ஏ எப்படி வருகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். பெரியவர் வீட்டில் இருப்பார். படிவம் மட்டும் போய், கையெழுத்தும் முத்திரையுமாகத் திரும்பி வரும். 25 மீட்டர் தூரத்தில் அவருக்கு நம்பர் பிளேட் தெரிந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதை ஒரு சின்ன ஏமாற்று வேலையாக நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் இது ஒரு சாட்சியம். ‘இவரால் சாலையில் போகும் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை’ என்று ஊருக்குச் சொல்லப்படும் சாட்சியம். பொய்ச் சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்று மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடம் நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதல்ல. கையெழுத்துப் போட்டவரோடு, அதை வாங்கிவரச் சொன்ன நாமும் அதில் பங்காளிகள்தாம்.

சரி, மருத்துவர் உண்மையாகவே பரிசோதித்துக் கையெழுத்திட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. படிவம் 1ஏ கண்ணையும் காதையும் கை கால்களையும்தான் கேட்கிறது. மறதியைப் பற்றி, கவனம் சிதறுவதைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. முதுமையில் வண்டி ஓட்டுவதை ஆபத்தாக்கும் காரணங்களில் பாதி அந்தப் படிவத்துக்கு வெளியே நிற்கிறது. எனவே சான்றிதழ் உண்மையானதாக இருந்தாலும் குடும்பத்தின் பொறுப்பு அதோடு முடிந்துவிடாது.

வயதை மட்டும் வைத்துச் சொல்லலாமா?

‘எழுபது வயதானால் சாவியை வாங்கிவிட வேண்டும்’ என்று சிலர் சொல்கிறார்கள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. 78 வயதில் கண்ணும் காலும் கவனமும் நன்றாக இருப்பவர்கள் உண்டு. 58 வயதிலேயே சர்க்கரை நோயால் பார்வை மங்கி, பாதம் மரத்துப்போனவர்களும் உண்டு. வயது என்பது ‘இனி கவனமாகப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லும் மணி. தீர்ப்பு சொல்ல வேண்டியது உடலின் நிலைதான்.

மற்ற நாடுகளும் வயதைப் பரிசோதனை தொடங்கும் இடமாகத்தான் வைத்திருக்கின்றன. நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 65 வயதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் உரிமம் தொடரும். அமீரகத்தில் உரிமத்தைப் புதுப்பிக்கவே கண் பரிசோதனை வேண்டும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரிட்டனில் 70 வயதில் உரிமம் முடிகிறது; பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உடல்நிலையைத் தெரிவித்துப் புதுப்பிக்க வேண்டும். ஜப்பானில் 75 வயதைத் தாண்டியவர்கள் நினைவாற்றலையும் அறிவுத்திறனையும் சோதிக்கும் தேர்வு எழுதுகிறார்கள். குறிப்பிட்ட விதிமீறல்கள் செய்தவர்கள் என்றால் 2022 முதல் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும்.

2019ஆம் ஆண்டில் நடந்த இரண்டு விபத்துகள் இந்த விஷயத்தை உலகம் முழுவதும் பேசவைத்தன. அந்த ஜனவரியில் பிரிட்டிஷ் ராணியின் கணவர் இளவரசர் பிலிப், தம் 97ஆவது வயதில் ஓட்டிச்சென்ற கார் சாண்ட்ரிங்ஹாம் அருகே மற்றொரு காருடன் மோதிக் கவிழ்ந்தது. எதிர்க் காரில் இரண்டு பெண்களும் ஒன்பது மாதக் குழந்தையும் இருந்தார்கள். பெண்களுக்குக் காயம், குழந்தை தப்பியது. தாழ்ந்திருந்த சூரியனின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது என்று அவர் எழுதினார். அடுத்த மாதமே தம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 19 அன்று டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது முதியவர் ஓட்டிய கார், சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் மீது பாய்ந்தது. ஒரு தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தார்கள். கார்தான் பழுது என்று அவர் வாதாடினார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்று நீதிமன்றம் முடிவு செய்து, 2021 செப்டம்பரில் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அப்போது அவருக்கு வயது 90. விபத்து நடந்த அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஜப்பானில் சுமார் ஆறு லட்சம் பேர் தாமாகவே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எவற்றைப் பார்க்க வேண்டும்?

1. கண். தூரத்து எழுத்து தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். வண்டி ஓட்ட அது போதாது. கண்புரை உள்ளவருக்குப் பகலில் எல்லாம் தெரியும். இரவில் எதிர்வரும் ஹெட்லைட் பட்டதும் சில வினாடிகள் எதுவும் தெரியாது. கண் அழுத்த நோய் என்னும் கிளாக்கோமா வலி இல்லாமல் பக்கப் பார்வையைத் தின்றுவிடும். நேரே உள்ள லாரி தெரியும், ஓரத்திலிருந்து ஓடிவரும் குழந்தை தெரியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையும் கெடலாம். எனவே கண் மருத்துவரிடம் போகும்போது கண்ணாடி பவரோடு நின்றுவிடாமல், கண் அழுத்தம், விழித்திரை, பக்கப் பார்வை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பஜ்ருக்கும் இஷாவுக்கும் இருட்டில் வண்டியில் போகும் பெரியவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

2. கழுத்தும் காலும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர் திரும்பிப் பார்க்க முடியாமல் கண்ணாடியை மட்டும் நம்பி வண்டியைத் திருப்புவார். முழங்கால் வலி உள்ளவர் பிரேக்கை முழு அழுத்தத்தில் மிதிக்க மாட்டார். நீண்ட காலச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால், எந்தப் பெடல் மீது கால் இருக்கிறது என்பதே உறைக்காது. இருசக்கர வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. நிறுத்தும்போது காலை ஊன்றி வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டிப் பழகியவருக்கு மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த கனமான ஸ்கூட்டர் ஆபத்தாக முடியலாம்.

3. நினைவும் கவனமும். ஞாபக மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர் பேச்சில் தெளிவாகவே இருப்பார். பழைய கதைகளைத் தேதியோடு சொல்வார். நாற்சந்தியில் நான்கு பக்கமும் பார்த்து உடனே முடிவெடுப்பதில்தான் தடுமாறுவார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் போகிறது. ஒரு வினாடி தாமதமாகப் பிரேக் பிடித்தால் அத்தனை தூரம் கை மீறிப் போய்விடும். தனக்குக் குறை இருப்பது அவருக்கே தெரியாமல் போவது இந்த நோயின் இயல்பு. அதனால்தான் படிவம் 1இல் அவர் மனதார ‘இல்லை’ என்று எழுதினாலும் அது போதாது.

4. திடீர் மயக்கம். இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்குவது, இரவில் குறட்டையோடு மூச்சு தடைப்பட்டுப் பகலில் கண் சொருகுவது ஆகியவை இதில் அடங்கும். ஒரு தடவை மயங்கி விழுந்திருந்தாலும், காரணம் தெரிந்து மருத்துவர் ‘சரி’ என்று சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாது.

5. மருந்து. சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின், சிட்ரிசின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரஸோலம், குளோனஸிபம், பாத எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்றவை மந்தத்தையும் தூக்கத்தையும் தரக்கூடியவை. இரவு போட்ட மாத்திரையின் மயக்கம் காலையிலும் இருக்கலாம். மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டி, ‘இவற்றோடு வண்டி ஓட்டலாமா?’ என்று கேட்க வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது.

சர்க்கரையும் நோன்பும்

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. இவற்றால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், மூளை குழம்பும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த எச்சரிக்கை அறிகுறிகளே தெரியாமல் போவதும் உண்டு.

இன்சுலின் போட்டு வண்டி ஓட்டுபவர்களுக்குப் பிரிட்டனில் ஒரு தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அளவு 90க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்ட வேண்டும். 72க்குக் கீழ் இருந்தால் ஓட்டவே கூடாது. சாப்பிட்டு, அளவு சரியாகி, அதன் பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறிவிட்டாலும் மூளை தெளிய அந்த நேரம் பிடிக்கிறது.

ரமளானில் இஃப்தாருக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். நாள் முழுவதும் வெறும் வயிறு, சர்க்கரை இறங்கும் நேரம், அந்தி மங்கல், கஞ்சி வாங்கவும் பள்ளிக்குப் போகவும் எல்லோரும் ஒரே சமயத்தில் அவசரப்படும் தெரு. சர்க்கரை மருந்து எடுக்கும் பெரியவர் அந்த நேரத்தில் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழ் போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மருத்துவர் ஐந்து நிமிடம் பார்க்கிறார். நாம் ஆண்டு முழுவதும் பார்க்கிறோம். எனவே முதலில் கண்ணில் படுவது நமக்குத்தான்.

• வண்டியில் புதிய கீறல்களும் நசுங்கல்களும் அடிக்கடி தெரிகின்றனவா?
• பழகிய கடைத்தெருவிலேயே வழி தவறினாரா?
• இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அணைக்க மறக்கிறாரா? வேகத்தடையைக் கடைசி நொடியில்தான் பார்க்கிறாரா?
• மற்ற வண்டிக்காரர்கள் அடிக்கடி ஹாரன் அடித்துத் திட்டிச் செல்கிறார்களா?
• பின்னால் உட்கார உம்மா பயப்படுகிறாரா?

25 மீட்டர் சோதனையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஆறேழு சிறிய கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தினால் வரும் நீளம் அது. வழக்கமாக அணியும் கண்ணாடியோடு, அந்தத் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. பத்து அடி தூரம் வேகமாக நடந்து, திரும்பி, அதே பத்து அடி நடந்து வர வேண்டும். ஒன்பது வினாடிக்கு மேல் ஆனால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். இவை தீர்ப்பு அல்ல. மருத்துவரிடம் போகச் சொல்லும் அடையாளங்கள்.

இவை எதுவும் செய்ய முடியாவிட்டால் ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: நம் பிள்ளையை அந்த வண்டியில் மக்தபுக்கு மனநிம்மதியோடு அனுப்புவோமா? மனம் தயங்கினால், அதே தெருவில் நடந்துபோகும் அடுத்தவர் பிள்ளைக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

எப்படிச் சொல்வது?

முகம் சுளிக்கும் ஒரு சொல்லைக்கூடப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது என்று கட்டளையிடப்பட்டவர்கள் நாம். மருமகள், பேரப்பிள்ளைகள் முன்னால் ‘உங்களுக்கு இனி ஓட்டத் தெரியாது’ என்று சொல்வதும், சொல்லாமல் சாவியை ஒளித்துவைப்பதும் அவர்களை உடைத்துவிடும். அந்த வண்டியில்தான் அவர் கடைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். நம்மைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போகும் உரிமையும் அதில்தான் இருக்கிறது.

தனியாக, அவர் மனம் நன்றாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். நாம் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள்: ‘நேற்று சந்தியில் அந்த ஆட்டோ தெரியவில்லையா அத்தா?’ பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை சொன்னால் கோபம் வரும். மருத்துவர் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். கண்புரையை அறுவை செய்து, மாத்திரையை மாற்றி, கண்ணாடியைச் சரிசெய்தால் பலர் மீண்டும் நன்றாகவே ஓட்டுவார்கள். ‘பரிசோதனைக்குப் போனால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயத்தை முதலில் நீக்க வேண்டும்.

குறை இலேசாக இருந்து மருத்துவரும் அனுமதித்தால், படிப்படியாகக் குறைக்கலாம். முதலில் இரவுப் பயணம், பிறகு பைபாஸ், பிறகு கடைத்தெரு நெரிசல், பின்னால் ஆளை ஏற்றுவது. மறதி நோய் முற்றியிருந்தாலோ மயக்கம் வருவதாக இருந்தாலோ படிகளுக்கு இடமில்லை. அன்றே நிறுத்த வேண்டும்.

சாவியை வாங்கியவர்களின் கடமை

வண்டி ஓட்டுவதை விட்ட முதியவர்களிடம் மனச்சோர்வு அதிகரிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஜப்பானில் முதியவர்களுக்கு அறிவுத்திறன் தேர்வைக் கடுமையாக்கிய பிறகு அவர்கள் ஓட்டிய கார்களின் விபத்து குறைந்தது. ஆனால் சைக்கிளிலும் நடந்தும் போன முதியவர்கள் அடிபடுவது கூடியது என்று அங்கே நடந்த ஓர் ஆய்வு காட்டியது. வண்டியை நிறுத்தினால் பயணம் நின்றுவிடாது. அவர் வேறு வழியில், சில நேரம் இன்னும் ஆபத்தான வழியில் போவார்.

ஆகவே சாவியை வாங்குபவர் பயணத்தின் பொறுப்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். பஜ்ருக்கு யார் அழைத்துப் போவது, மாதாந்தர மருந்துக்கு எந்த ஆட்டோ, ஜும்ஆவுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியின் பைக்கில் இடம் உண்டா, வெளிநாட்டில் இருக்கும் மகன் மாதம் எவ்வளவு ஆட்டோ செலவுக்கு அனுப்புவான் என்று பேசி முடித்துவிட்டுப் பிறகு சாவியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிள்ளையிடம் கெஞ்சும் நிலை அவருக்கு வரக் கூடாது. தெருவில் இப்படி நான்கு பெரியவர்கள் இருந்தால் மஹல்லா இளைஞர்கள் முறை வைத்து அழைத்துப் போகலாம். பெரிய செலவு எதுவும் இதற்குத் தேவையில்லை.

இன்று வீட்டில் உள்ள பெரியவரின் உரிமத்தை எடுத்து, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே கண் மருத்துவரையும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். இந்த முறை படிவம் 1ஏ-வோடு பெரியவரும் சேர்ந்தே மருத்துவரிடம் போகட்டும். அவர் தேறினால், இன்ஷா அல்லாஹ், நாம் பயமில்லாமல் பின்னால் உட்காரலாம். தேறாவிட்டால் வண்டியை நாம் ஓட்டுவோம். அவர் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லட்டும்.